நெடுந்தீவில் திரைப்பட விழா: வாசகர் கேள்விகள்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து நெடுந்தீவில் இரண்டு இரவுகள் திறந்தவெளியில் சுயாதீனத் திரைப்பட விழா நடத்தப்போகிறோம். கையில் 3,500 லூமன்ஸ் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் இருக்கிறது. 20 அடித் திரை கட்டலாமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம், 12 அடியோடு நில்லுங்கள். 16:9 படத்துக்கு 12 அடி அகலத் திரையின் பரப்பு 81 சதுர அடி. 20 அடி என்றால் 225. அதே வெளிச்சம் மூன்று மடங்கு இடத்தில் பரவினால் இரவுக் காட்சிகளில் முகமே தெரியாது. சுயாதீனப் படங்களில் பல, கிடைத்த வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை மங்கலாகக் காட்டுவது படைப்பாளிக்குச் செய்யும் அநியாயம்.

தீவில் அதைவிடப் பெரிய தொல்லை காற்று. மணிக்கு 36 கிலோமீற்றர் காற்றடித்தால் 12 அடித் திரையே 45 கிலோவுக்கு மேல் சுமையை இழுக்கும். நான்கு மூலையில் மட்டும் கட்டினால் கயிறு போடும் வளையங்கள் பிய்ந்துவிடும். சுற்றிவர இரண்டு அடிக்கு ஒரு கட்டுப் போடுங்கள். கீழ்விளிம்பை மட்டும் இழுபடும் ரப்பர் கயிற்றால் கட்டுங்கள். மினுக்கமில்லாத வெள்ளை பெயின்ற் அடித்த பாடசாலைச் சுவர் கிடைத்தால் திரையே வேண்டாம். மாரி மழையும் தென்மேற்குக் காற்றும் இல்லாத பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். இருட்டியபின், 7 மணிக்குத் தொடங்கலாம்.

கேள்வி: ஜெனரேற்றர் எவ்வளவு பெரிதாக வேண்டும்?

பதில்: புரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர், மடிக்கணினி எல்லாம் சேர்ந்தும் ஒரு கிலோவாற்றைத் தாண்டாது. 2 கேவிஏ திறனுள்ள, மின்னழுத்தத்தைச் சீராகத் தரும் இன்வேர்ட்டர் வகை போதும். சாதாரண வகையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். புகையும் சத்தமும் பார்வையாளர் பக்கம் வராதபடி, காற்று அவர்களைக் கடந்து போகும் பக்கத்தில், சுவருக்குப் பின்னால், 40 மீற்றராவது தள்ளி வையுங்கள். படம் தொடங்குமுன் தாங்கியை நிரப்புங்கள். ஓடும்போது எண்ணெய் ஊற்றவே கூடாது. புரொஜெக்டருக்கு யூபிஎஸ் (மின்சாரம் நின்றாலும் சற்று நேரம் ஓடவைக்கும் பற்றரிப் பெட்டி) கட்டாயம். மின்சாரம் சட்டென நின்றால் விசிறியும் நின்று, சூட்டில் விளக்கு பழுதாகும்.

கேள்வி: ஒரு சிங்களப் படத்தின் தமிழ் சப்டைற்றில் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறதே?

பதில்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார்கள். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிக்கோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 என்ற வடிவில் சேமியுங்கள். பிறகு கொம்பும் காலும் சரியாக விழுகின்றனவா என்று முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, படத்தோடு பதித்துவிடுங்கள். படங்களைத் திரையரங்குக் கருவிகளுக்கான டிசிபி என்ற கோப்புத் தொகுதியாக வாங்காமல் 1080பி எம்பி4 ஆகக் கேளுங்கள். 90 நிமிடப் படம் 10 ஜிபி வரும். ஃபேட்32 முறையில் ஃபோர்மற் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டாக ஃபோர்மற் செய்யுங்கள்.

கேள்வி: அனுமதி?

பதில்: படைப்பாளியின் எழுத்துமூலச் சம்மதமும் தணிக்கைச் சபையின் அனுமதியும் வேண்டும். குறும்படம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கொழும்பில் இருக்கும்போதே இரண்டையும் முடித்து, பிரதிகளைக் கையோடு கொண்டுபோங்கள். புரொஜெக்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள், மடிக்கணினி, படங்களின் பிரதி எல்லாவற்றிலும் இரண்டு. குறிகட்டுவானில் படகேறியபின் மறந்த சாமானுக்குத் திரும்ப முடியாது.