செரடோனின் குறைந்தால்தான் மனச்சோர்வா? மாத்திரை பற்றிய கேள்வி பதில்

மூளை வேதியியல், மனச்சோர்வு, அதற்கான மாத்திரைகள் குறித்து வந்த கேள்விகளுக்கு மனநல மருத்துவர் தரும் பதில்கள். பேச்சில் 'மன அழுத்தம்' என்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். தேர்வு, கடன், ஆபீஸ் நெருக்கடி ஒன்று. வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல் கிடப்பது மற்றொன்று. இங்கே பேசுவது இரண்டாவதைத்தான்.

கேள்வி: தம்பிக்கு 'மூளையில கெமிக்கல் கம்மியா இருக்கு' என்று சொல்லி மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எது கம்மி, எவ்வளவு கம்மி?

யாரும் அளந்து பார்த்துச் சொன்னதில்லை. அந்த வாக்கியம் மருந்திலிருந்து பின்னோக்கிப் போய்ப் பிடித்த ஊகம். 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் சிலருக்கு உற்சாகம் தந்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்த ரிசர்பின், ரத்தக்கொதிப்புக்காகச் சாப்பிட்ட சிலரைச் சோர்வில் தள்ளியது. முதலாவது, செரடோனின், நார்அட்ரினலின் போன்ற, நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வேதிப்பொருட்களைச் சிதையவிடாமல் காக்கும். இரண்டாவது அவற்றின் கையிருப்பைக் காலி செய்யும். இப்படிப்பட்ட தகவல்களைக் கோத்துத்தான் 1965இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜோசப் ஷில்ட்கிராட் நார்அட்ரினலின் பற்றாக்குறைக் கருதுகோளை எழுதினார். செரடோனின் பின்னால் வந்து சேர்ந்தது.

இடிக்கிற இடமும் உண்டு. செரடோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோபேனை உணவில் தற்காலிகமாக நிறுத்தினால், ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோர் மனச்சோர்வில் விழுவதில்லை. மாத்திரையால் தேறியவர்களில் பலருக்கு மட்டும் சோர்வு திரும்புகிறது. ஆக, மாத்திரை செரடோனின் வழியாக வேலை செய்கிறது. நோய் வந்தது செரடோனின் குறைந்ததால் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இரண்டும் வேறு வேறு.

கேள்வி: லேபில் ரத்தத்தில் செரடோனின் அளவு பார்க்கலாமா?

காசுக்குக் கேடு. உடம்பின் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது தட்டணுக்கள் அங்கிருந்து எடுத்து வைத்துக்கொண்டது. அது மூளைக்குள் நுழையாது. அதே பணத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை பாருங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு வேஷத்தில் வந்து நிற்கும்.

கேள்வி: வாழைப்பழத்தில் செரடோனின் இருக்கிறதாமே?

இருக்கிறது. மேலே சொன்ன அதே காரணத்தால் மூளைக்குப் போகாது. பழத்துக்காகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: எஸ்சிடலோப்ராம் ஆரம்பித்து எட்டு நாள். குமட்டல்தான் மிச்சம், மனசு அப்படியே இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம், இது எதிர்பார்த்த வரிசைதான். ஒரு நரம்பணு வெளியிட்ட செரடோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் 'பம்ப்' ஒன்று உண்டு. எஸ்சிடலோப்ராம், சிடலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளுவாக்ஸடின் போன்ற மாத்திரைகள் அதை முதல் நாளே அடைத்துவிடும். ஆனால் செரடோனின் கூடியதை அந்த அணுவின் மேலுள்ள உணரிகளும் மோப்பம் பிடித்து, 'போதும்' என்று உற்பத்தி வேகத்தைக் குறைத்துவிடும். அந்த உணரிகள் மரத்துப்போக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். தாமதத்துக்கு இது ஒரு காரணம். நரம்பணுக்களின் இணைப்புகள் மெல்ல மாறுவது இன்னொன்று.

குடலுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. அதனால் குமட்டல் முதல் வாரமே வந்துவிடும். சாப்பிட்ட பிறகு போடுங்கள். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். தூக்கமும் பசியும் பலருக்கு முதலில் தேறும், மனசு கடைசியில். மாற்றத்தை உங்களுக்கு முன்னால் வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பார்கள். சரியான அளவில் நான்கு வாரம் போயும் அசைவே இல்லையென்றால் அளவை ஏற்றவோ மருந்தை மாற்றவோ வேண்டும்.

இரண்டு விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். இருக்கையில் உட்கார முடியாத தவிப்போடு தற்கொலை எண்ணம் கூடினால், குறிப்பாக 25 வயதுக்குள் இருப்பவர்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், ஓயாத பேச்சும் கட்டுக்கடங்காத செலவுமாக இருந்தால் அது இருதுருவ நோயாக (பைபோலார், சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வருவது) இருக்கலாம். மாத்திரை அதைக் கிளப்பிவிட்டிருக்கும்.

கேள்வி: நன்றாகிவிட்டது என்று சிடலோப்ராம் 20 மி.கி.யை ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடிக்கிறது, தலைசுற்றல், அழுகை. நோய் திரும்பிவிட்டதா?

நாட்களுக்குள் வந்ததும், கரண்ட் அடிப்பதும் நிறுத்தியதன் விளைவைத்தான் காட்டுகின்றன. நோய் திரும்புவதென்றால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், பழைய அறிகுறிகளோடு மெல்ல வரும். மருத்துவரிடம் பேசி மீண்டும் ஆரம்பித்தால் சில நாட்களில் அடங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 40 மி.கி.யில் பம்ப்புகளில் சுமார் 86 சதவீதம் அடைபட்டிருக்கும். 20இல் சுமார் 80. பாதியாகக் குறைத்தும் ஆறு சதவீதம்தான் வித்தியாசம். 10இல் 70ஐ ஒட்டி, 5இல் 60ஐ ஒட்டி. அங்கிருந்து நிறுத்தினால் ஒரே தாவலில் பூஜ்யம். கீழே போகப் போகப் படி உயரமாகிறது. ஆகவே 5க்குக் கீழே 2.5, அதற்கும் கீழே என்று போக வேண்டியிருக்கும். சொட்டு மருந்து வடிவம் கிடைத்தால் அளப்பது சுலபம்.

பலர் செய்வது ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. அது குறைப்பதாகாது. செர்ட்ரலின் போன்றவை இரண்டு நாளில் கால்வாசிக்கு இறங்கிவிடும், மறுபடி ஏறும், ஊஞ்சல்தான். ஃப்ளுவாக்ஸடின் மட்டும் விதிவிலக்கு, அது உடம்பை விட்டுப் போகவே வாரங்கள் ஆகும். முதல்முறை வந்த நோயென்றால் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்ந்துவிட்டுத்தான் குறைக்கவே ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பிரஷர் மாத்திரையும் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனக்கும் போடுகிறார். செர்ட்ரலின் எழுதியிருக்கிறார்கள்.

பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி நீர் பிரிக்கும் மருந்து இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். செர்ட்ரலினோடு சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். ஆரம்பித்து இரண்டு வாரத்துக்குள் சோடியம் பாருங்கள். குழப்பம், தள்ளாட்டம் வந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். தட்டணுக்களுக்கும் செரடோனின் தேவை என்பதால் டைக்ளோஃபெனக்குடன் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். மலம் தார் போல் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். டிரமடால் வேண்டாம், அதுவும் செரடோனினை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல் என்று போகும்.

கேள்வி: ரெண்டு பெக் போட்டால் மனசு லேசாகிறதே, டாக்டர்?

அன்று ராத்திரி மட்டும். மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற வேதிப்பொருள் ஒரு பிரேக் மாதிரி, மது அதன் வேலையைக் கூட்டுகிறது, மூளை அதற்கு ஈடாக ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிக்கொள்கிறது. மது இறங்கிய பிறகும் ஆக்ஸிலரேட்டர் அப்படியே நிற்கும். விடிகாலை நான்கு மணிக்குப் படபடப்போடு விழிப்பது அதனால்தான்.