எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு வராதே என்று சொல்லலாமா?

கேள்வி: எங்கள் மகன் தனியார் பள்ளி ஒன்றில் 3-ஆம் வகுப்பு படிக்கிறான். உணவு இடைவேளையில் அவன் தள்ளியதில் வகுப்புத் தோழனுக்கு முழங்கையில் காயம் ஏற்பட்டுவிட்டது. மறுநாள் காலை அவனை வாசலிலேயே நிறுத்தி, “5 நாள் அனுப்ப வேண்டாம், இன்னொரு முறை நடந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்” என்றார்கள். என்ன நடந்தது என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. பள்ளி செய்தது சரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: டி.சி. பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, 8-ஆம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 5, 8 ஆகிய வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க 2019-இல் திருத்தம் கொண்டுவந்தபோதும், வெளியேற்றக் கூடாது என்ற விதியில் கை வைக்கவில்லை. (சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருக்கிறது, உங்கள் பள்ளி அந்த வகையைச் சேர்ந்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.) நேரடியாக வெளியேற்ற முடியாத பள்ளிகளில் சில, “சொந்தக் காரணங்களுக்காக மாற்றுச் சான்றிதழ் வேண்டும்” என்று பெற்றோரையே எழுதித் தரச் சொல்வதுண்டு. எவ்வளவு வற்புறுத்தினாலும் அப்படியொரு தாளில் கையெழுத்திடாதீர்கள்.

5 நாள் நிறுத்திவைத்ததைப் பொறுத்தவரை, இடைநீக்கம் என்ற சொல் அச்சட்டத்தில் இல்லை. ஆனால் 17-ஆவது பிரிவு, அடிப்பதோடு சேர்த்து மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்க ஒரு சிறுவனை வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது அந்தத் தடைக்குள் வரும் என்பதே என் கருத்து.

தண்டனையின் அளவைவிட, அது முடிவு செய்யப்பட்ட விதம்தான் என்னை வருத்துகிறது. அலுவலக உதவியாளர் ஒருவர்மீது புகார் வந்தால்கூடக் குறிப்பாணை கொடுத்து, விளக்கம் பெற்ற பிறகே தண்டிக்க வேண்டும் என்பது நாமெல்லாம் ஏற்றுக்கொண்ட முறை. உங்கள் மகனிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க 5 நிமிடம் போதுமாக இருந்திருக்கும். வரிசையில் முண்டியடித்தபோது கை பட்டதா, முதல் நாளிலிருந்தே அந்தப் பையன் இவனைக் கேலி செய்துவந்தானா, அல்லது இவன்மீதுதான் முழுத் தவறுமா என்பது தெரியாமல் கொடுக்கப்படும் தண்டனை, காயம்பட்ட பிள்ளைக்கும் நியாயம் செய்வதில்லை. 7 வயதுக்கு மேல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெறாதிருந்தால், அச்செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 21-ஆவது பிரிவே கூறுகிறது. குற்றவியல் சட்டம் காட்டும் இந்த நிதானத்தைப் பள்ளியிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது.

மகனை அழைத்துக்கொண்டு, காயம்பட்ட பிள்ளையின் வீட்டுக்குச் சென்று நலம் விசாரித்துவிட்டு வாருங்கள். அவன் செய்ததை அவனே நேரில் பார்ப்பதுபோல் பாடம் வேறில்லை. பிறகு, எந்த விதியின்கீழ், யார் விசாரித்து, எந்தத் தேதிவரை நிறுத்திவைத்தார்கள் என்பதை எழுத்தில் தருமாறு தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் ஒப்புகை பெறுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்தோடு சிக்கல் தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரை அணுகலாம். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தால், இரு தரப்பையும் கேட்டு 3 மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன்மீது மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, வெளியே நிறுத்தக் கூடாது என்றால், 4-ஆம் வகுப்பில் 43 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?
– அரசுப் பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் தவிப்பு நியாயமானது. தொடக்க நிலையில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவை அடிப்படையாகக் கொண்டே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வகுக்கப்பட்டிருக்கிறது. தண்டிக்காதீர்கள் என்று ஆசிரியரிடம் சொல்லும் சட்டமே அரசின்மீதும் பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஓயாமல் தொல்லை தரும் ஒரு பிள்ளையை ஒரு வாரம் கவனித்து, எந்தப் பாடவேளையில், யார் பக்கத்தில் இருக்கும்போது அப்படி நடந்துகொள்கிறான் என்று குறித்துவையுங்கள். கரும்பலகை தெரியாதவனும், காது சரியாகக் கேளாதவனும், காலையில் சாப்பிடாமல் வந்தவனும் நம் கண்ணுக்கு அடங்காதவர்களாகவே தெரிகிறார்கள். அந்தக் குறிப்போடு பெற்றோரை அழைத்துப் பேசினால், புகார் சொல்வதாக அவர்களுக்குத் தோன்றாது. மற்றபடி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பதால், இன்னோர் ஆசிரியர் தேவை என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே அவர்கள் வாயிலாகக் கொண்டுவாருங்கள்.