பழைய மருந்துச் சீட்டில் எழுதிய நோய்: திருமணத்தை ரத்து செய்ய அது போதுமா?

கேள்வி: நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள். வயது 29. ஏழு வருடங்களுக்கு முன் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தேன். ஒருமுறை காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்ட மறுநாள் பிறப்புறுப்பில் புண் வந்தது. பக்கத்து கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார்கள். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு ஹெர்பிஸ் என்று சீட்டில் எழுதி, பத்து நாளைக்கு ஏசைக்ளோவிர் மாத்திரை கொடுத்தார் டாக்டர். புண் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. அப்போது எனக்கு யாருடனும் எந்த உறவும் இருந்ததில்லை. பயத்தில் அதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

திருமணமாகி மூன்று வருடம் ஆகிறது. கணவருக்கு ஆற்காடு. போன ஆடியில் வீடு மாற்றும்போது பீரோவில் இருந்த அந்த ஃபைலை நாத்தனார் எடுத்துப் படித்து, போட்டோ பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கணவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. தை வரை ஒன்றாகத்தான் இருந்தோம். பிறகு மாமியார் பேச்சைக் கேட்டு என்னை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பால்வினை நோயை மறைத்து மோசடியாகத் திருமணம் செய்ததாகவும், திருமணத்தை ரத்து செய்ய மனுப் போடப் போவதாகவும், 15 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். என் நகை முழுவதும் அவர்கள் வீட்டில் இருக்கிறது.

வேலூரில் ஒரு பெண் மருத்துவரிடம் பழைய ரிப்போர்ட்டின் நகலைக் காட்டினேன். 'இதை வைத்து ஹெர்பிஸ் என்று முடிவு கட்டவே முடியாது' என்கிறார். அந்தச் சீட்டு கோர்ட்டில் செல்லுமா? தப்பாகச் சொன்ன டாக்டர் மீது வழக்குப் போடலாமா? மறுபடி டெஸ்ட் எடுத்தால் அதுவே எனக்கு எதிராகப் போய்விடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'பயத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள்' என்று கணவருக்கோ மாமியாருக்கோ இனி ஒரு வரிகூட எழுதாதீர்கள், போனிலும் பேசாதீர்கள். நோய் இருந்ததா என்பதே முடிவாகவில்லை. அதற்குள் மறைத்தேன், மறைக்கவில்லை என்று நீங்கள் வாதாடப் போனால், நோய் இருந்ததை நீங்களே ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும். முதலில் நோய் உண்டா இல்லையா என்பது தீர வேண்டும். மறைப்பு, மோசடி எல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள். நோட்டீஸ் இந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது. நீங்கள் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

நீங்கள் அனுப்பிய நகல்களை நிதானமாகப் படித்தேன். லேப் ரிப்போர்ட்டில் 'ஹெச்.எஸ்.வி 1 மற்றும் 2, ஐ.ஜி.எம்' என்று ஒரே வரி இருக்கிறது. ஹெச்.எஸ்.வி என்பது ஹெர்பிஸ் வைரஸ், அதில் இரண்டு வகை உண்டு; ஐ.ஜி.எம் என்பது ரத்தத்தில் தேடும் ஓர் எதிர்ப்புப் பொருள். அளவு 1.24, பக்கத்தில் '1.1-க்கு மேல் பாசிட்டிவ்'. அடியில் பொடி எழுத்தில், நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும் என்ற குறிப்பு. மருந்துச் சீட்டில் ஹெர்பிஸ் என்ற சொல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு கேள்விக்குறி இருக்கிறது. 'இதுவாக இருக்கலாம்' என்று சந்தேகப்படும்போது மருத்துவர்கள் அப்படித்தான் குறிப்பார்கள். குரூப்பில் போட்ட போட்டோவில் இடது ஓரம் வெட்டுப்பட்டு அந்தக் கேள்விக்குறி காணாமல் போயிருக்கிறது. வெட்டியது தெரிந்தா தெரியாமலா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அசல் சீட்டு அவர்கள் வீட்டில் இருப்பதால், அதைப் பத்திரமாக வைத்திருந்து நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று பதில் நோட்டீசிலேயே கேட்டுவிடுங்கள்.

மருத்துவம் என் துறை அல்ல. ஆனாலும் இந்த வழக்கில் வக்கீலுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ஐ.ஜி.எம் பரிசோதனை, வைரஸ் முதல் வகையா இரண்டாம் வகையா என்று பிரித்துச் சொல்லாது. புதிதாக வந்த தொற்றா, எப்போதோ வந்ததா என்பதற்கும் அது நம்பத்தக்க சான்றல்ல. புண் இருக்கும்போதே அதிலிருந்து மாதிரி எடுத்து வைரஸையே தேடும் பி.சி.ஆர் பரிசோதனை செய்திருந்தால் அது வலுவான சான்று. உங்களுக்கு அதைச் செய்யவில்லை. கண்ணால் பார்த்துச் சொன்னதையும் ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதல் சொல்கிறது. ஐ.ஜி.ஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருளைத் தேடும், இரண்டாம் வகைக்கான பரிசோதனையில்கூட அளவு 1.1-இலிருந்து 3 வரை குறைவாக வந்தால், வேறொரு முறையில் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

ஒரு பாசிட்டிவை அப்படியே முடிவாக எடுத்துக்கொள்ளாமல் வேறு முறையில் உறுதிசெய்யும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1986-இல் இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதன்முதலாகத் தெரியவந்தது, சென்னையில் சேகரித்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுவந்து சோதித்த ரத்த மாதிரிகளில்தான். எலிசா என்ற முதல்கட்டப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த பிறகும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதிசெய்தார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையையே தீர்மானிக்கப் போகும் ரிப்போர்ட்டுக்கும் அந்தக் கவனத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அதனால் டெஸ்ட் எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எங்கே உங்களுக்கு வசதியோ அங்கே தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட்டைக் காட்டி, வகை பிரித்துச் சொல்லும் ஐ.ஜி.ஜி பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். காய்ச்சல் மாத்திரை சாப்பிட்ட மறுநாள் புண் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல் அந்த இடத்தில் புண் வருவது உண்டு, அப்படி இருக்குமா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டைப் பற்றிய அவரது கருத்தைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

எனக்கே எதிராகப் போகுமா என்று கேட்டீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன், போகவும் கூடும். அப்படியும் டெஸ்ட் எடுப்பதுதான் சரி. ஷாரதா எதிர் தர்மபால் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: திருமண வழக்குகளில் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, உத்தரவிட்ட பிறகும் மறுத்தால் மறுத்தவருக்கு எதிராக முடிவு எடுக்கலாம். நாளை கட்டாயத்தின் பேரில் போவதைவிட இன்று நீங்களாகப் போவது நல்லது. கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று நீங்களும் மனுப் போடலாம்.

முதல் வகைக்கு மட்டும் பாசிட்டிவ் வந்தால் பயப்படாதீர்கள். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே வாய்வழி வந்துவிடும். உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொல்லாது. இரண்டாம் வகை பாசிட்டிவ் என்று உறுதியானால், அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அந்த ரிப்போர்ட் சொல்லாது. மூன்று வருடம் குடும்பம் நடத்திய பிறகு கணவரிடமிருந்து வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எது வந்தாலும் பிரமாணப் பத்திரத்தில் உண்மையை மட்டும் சொல்லுங்கள். பொய்ச் சத்தியம் தனிக் குற்றம், அதோடு நல்ல வழக்கையும் அது கெடுத்துவிடும்.

இனி சட்டம். இந்துத் திருமணச் சட்டம், 1955, பிரிவு 12(1)(சி)-யை நோட்டீஸ் காட்டுகிறது. எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மை ஒன்றில் மோசடி செய்து சம்மதம் பெற்றிருந்தால் திருமணத்தை ரத்து செய்யலாம் என்பது அது. நோய் இல்லவே இல்லை என்றால் மறைக்க என்ன உண்மை இருக்கிறது என்பதுதான் உங்கள் முதல் வாதம். 'டாக்டர் சொன்னதை நம்பினாள், நம்பியதை மறைத்தாள், அதுவே மோசடி' என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அது ஒரேயடியாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. அதனால்தான் அந்தக் கேள்விக்குறி எனக்கு முக்கியமாகப் படுகிறது. சந்தேகம் என்று எழுதி, மாத்திரையில் ஆறி, பிறகு எட்டிப் பார்க்காத ஒன்றை நோய் என்று நீங்கள் கருதாமல் விட்டது இயல்புதானே.

உங்களுக்கு இதைவிட வலுவான கவசம் அதே பிரிவின் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. மோசடி தெரியவந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். அதற்கு வரும் ஆடி வரை அவர்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் தெரிந்த பிறகும் முழுச் சம்மதத்தோடு கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் அந்த மனுவே நிற்காது. ஆடியில் தெரிந்தது, தை வரை ஒன்றாக இருந்தீர்கள். இந்த மாதங்களுக்கான சான்றுகளைச் சேருங்கள்: தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்த போட்டோ, சேர்ந்து போன பயண டிக்கெட், அவர் அனுப்பிய அன்றாட மெசேஜ்கள். குரூப்பில் நாத்தனார் போட்டோ போட்ட தேதி உங்களுக்கு அவமானமாக இருக்கலாம். ஆனால் கணவருக்கு எப்போது தெரியும் என்பதை நிரூபிக்கப் போவது அந்தத் தேதிதான். அதை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு போனையும் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

ரத்து மனு நிற்காது என்று தெரிந்தால் அவர்கள் விவாகரத்து கேட்கலாம். இந்துத் திருமணச் சட்டம் 13(1)-இன் ஐந்தாம் உட்பிரிவு, தொற்றக்கூடிய நிலையில் பால்வினை நோய் இருப்பதை ஒரு காரணமாக ஏற்கிறது. அதை நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஆவணங்களைத் தாராளமாக ஏற்க அனுமதிப்பதால், பழைய சீட்டு கோப்பில் ஏறலாம். ஏறுவது வேறு, நிரூபணமாவது வேறு. எழுதிய மருத்துவர் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னால்தான் அதற்குக் கனம் வரும். ஆதாரமில்லாமல் நடத்தையைப் பற்றி மனுவில் அவதூறு எழுதினால், அதுவே மனக்கொடுமை ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் விஜயகுமார் பாட்டே வழக்கில் சொல்லியிருக்கிறது.

எந்த உறவும் இருந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். ஆனால் வழக்கை அதன் மேல் கட்ட வேண்டாம். அப்படிச் செய்தால் விசாரணை நோயை விட்டு உங்கள் நடத்தைக்குத் திரும்பிவிடும். திருமணத்துக்கு முன் உறவு இருந்த பெண்ணுக்கும் இதே சட்டம்தான், இதே பாதுகாப்புதான்.

மருத்துவர் மீது வழக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 69-ஆம் பிரிவு இரண்டு வருடக் கெடு வைக்கிறது. தவறு தெரியவந்த நாளிலிருந்து அதைக் கணக்கிட வேண்டும் என்று வாதாட இடம் உண்டு, ஆகவே வேலூர் மருத்துவரைப் பார்த்த தேதியைக் குறித்து வையுங்கள். ஆனால் கணிப்பு தவறியதாலேயே அலட்சியம் ஆகிவிடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. புண்ணைப் பார்த்து, சந்தேகம் என்று குறித்து, மருந்து கொடுத்தவரை அந்த அளவுகோலில் தோற்கடிப்பது கடினம். அவர் உங்களுக்கு எதிரியாக அல்ல, சாட்சியாக வேண்டும். 'நான் சந்தேகம் என்றுதான் எழுதினேன், உறுதிசெய்யவில்லை' என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் நஷ்டஈட்டைவிட உங்களுக்குப் பெரிது. கிளினிக்கிலும் லேபிலும் பழைய பதிவின் நகலை எழுத்துபூர்வமாக இந்த வாரமே கேளுங்கள். ஏழு வருடப் பழைய வெளிநோயாளிச் சீட்டை அனேகமாக வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் லேப் கம்ப்யூட்டரில் இருக்கலாம்.

நகை உங்கள் சீதனம், அதாவது உங்களுக்கே சொந்தமான சொத்து. உச்ச நீதிமன்றத்தின் பிரதிபா ராணி வழக்கிலிருந்து, அதாவது 1985 முதல், இதில் குழப்பமே இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன் கீழ் நீதித்துறை நடுவரிடம் மனுப் போட்டு அதைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் மருத்துவ விவரத்தைப் பரப்பி அவமானப்படுத்தியதையும் அதே மனுவில் சேர்க்கலாம். நாத்தனார் மீது தனியாக அவதூறு வழக்கு இப்போதைக்கு வேண்டாம்.

நோட்டீசில் உள்ள 15 நாள் சட்டம் வைத்த கெடு அல்ல. ஆனாலும் அதற்குள் பதில் கொடுத்துவிடுங்கள், மௌனத்துக்குத் தப்பர்த்தம் வரும். ரிப்போர்ட் வரும்வரை பதில் சுருக்கமாக இருக்கட்டும்: 'எனக்கு அத்தகைய நோய் இருப்பதாக உறுதிசெய்யப்பட்ட மருத்துவச் சான்று எதுவும் இல்லை. தாங்கள் குறிப்பிடும் சீட்டு ஒரு சந்தேகக் குறிப்பு மட்டுமே. அதன் அசலைத் திருத்தாமல் பாதுகாக்கவும். அதைப் பற்றித் தெரிந்த பின்னரும் தங்கள் கட்சிக்காரர் என்னுடன் குடும்பம் நடத்தினார். என் சீதன நகைகளைத் திருப்பித் தரவும்.' இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

வழக்கு கணவரின் மாவட்டமான ராணிப்பேட்டையில் போடப்பட்டால் அலைச்சலைக் காட்டி மாற்றக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். முதல் நாளிலேயே இந்துத் திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவைச் சொல்லி மூடிய அறை விசாரணை கேட்கும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நோட்டீசை அது வந்த கவரோடு எடுத்துப் போங்கள், கவரில் உள்ள தபால் முத்திரைத் தேதியும் தேவைப்படும்.