பரந்தன் அரிசி ஆலை: முடிவெடுப்பவர் யார்?

பரந்தனில் உங்கள் விவசாயிகள் சங்கம் கட்டும் அரிசி ஆலை பாதியில் நிற்கிறது, குழுவில் ஏழு பேர் இருந்தும் முடிவு வருவதில்லை, கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு புது வேலை சேர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். காசு குறைவதைவிட இதுதான் பெரிய சிக்கல்.

பிரின்ஸ்2 என்ற திட்ட முகாமை முறையிலும் ஒரு சபை உண்டு. பாவிப்பவர் தரப்பும் செய்து கொடுப்பவர் தரப்பும் அதில் இருக்கும். ஆனால் இறுதிப் பொறுப்பு ஒருவருக்குத்தான். உங்கள் தலைவர்தான் அந்த ஆள் என்றால் கூட்ட அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். மூத்தவர்களைக் கேட்காமல் எப்படி என்ற சங்கடம் வரும். தாராளமாகக் கேளுங்கள், கையொப்பம் மட்டும் ஒருவருடையதாக இருக்கட்டும்.

அப்புறம் அந்தக் கலர் சோர்ட்டர், அதாவது நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் இயந்திரம். "அதையும் போடுவோம்" என்று கை தூக்குவது சுலபம். எவ்வளவு செலவு, எத்தனை கிழமை பிந்தும், அதற்காக எதைக் கைவிடுகிறோம்? எழுத்தில் பதில் வராமல் எதையும் சேர்க்காதீர்கள்.

ஆலை இயந்திரத்துக்கு வேண்டிய திரீ பேஸ் (மும்முனை) மின் இணைப்பு உறுதியாவதற்கு முதலே இயந்திரத்துக்கு முற்பணம் கட்டியதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மிச்சக் காசையாவது இணைப்பு வந்த பிறகு விடுங்கள்.

காலபோக நெல் தை, மாசியில் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் கொங்கிறீட் வேலை சரிவராது. ஆகவே காயவிடும் தளம் புரட்டாதிக்குள் முடிய வேண்டும். மற்றத் திகதிகளை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

ஒப்பந்தகாரருடன் செய்த உடன்படிக்கையில், வேலை பிந்தினால் என்ன என்று ஏதும் இருக்கிறதா? அந்தப் பகுதியை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.