அறுவைக்கு முன் டிரானெக்ஸாமிக் ஊசி போட்டால் மாரடைப்பு வருமா?
இடுப்பு மூட்டு மாற்றவிருக்கும் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ரத்தப்போக்கைக் குறைக்கத் தரப்படும் இந்த மருந்து புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை. காயத்தில் உடல் தானே உண்டாக்கிய உறைகட்டியை, ரத்தக்கட்டிகளைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி கரைத்துவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். 1960களில் ஜப்பானில் மருத்துவர் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டறிந்தது. பிரசவத்தில் ரத்தம் போய்த் தாய்மார்கள் சாவதைத் தடுக்கவே அந்த அம்மையார் தேடினார்.

உங்கள் பயத்துக்கு நேரடிப் பதில் 2022இல் வெளியான பாய்ஸ்-3 ஆய்வு. இதயம் சாராத அறுவை செய்துகொண்ட 9,535 பேர். கடும் ரத்தப்போக்கு ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத ஊசி பெற்ற குழுவில் 11.7 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 9.1. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்தில்லாத குழுவில் 13.9 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 14.2, கிட்டத்தட்ட சமம். ஆனாலும் ஆபத்து சற்றும் அதிகரிக்காது என்று அது நிரூபித்துவிடவில்லை. அப்பாவுக்கு முன்பு வலிப்போ ரத்தக்கட்டோ வந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.