களப்பணியில் புத்தகம் அடுக்கும் வேலை மட்டும் தருகிறார்கள் என்றால்

நூலக அறிவியல் படிப்புக்காக ஒரு நூலகத்தில் களப்பணி செய்கிறீர்கள்; துறையில் புகார் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதே வேண்டாம். 120 மணி நேரக் களப்பணியில் 40 மணி நேரம் அடுக்குவதிலேயே போய்விட்டது, பட்டியலாக்கம் (புத்தக விவரங்களை நூலகப் பட்டியலில் பதிவது) பக்கமே விடவில்லை என்கிறீர்கள். முதலில் நூலகப் பொறுப்பாளரிடம் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேளுங்கள்: "புதிதாக வந்ததில் பத்துப் புத்தகங்களுக்கு மார்க் பதிவு எழுதித் தருகிறேன், திருத்திக் கொடுங்கள்." (மார்க், அதாவது MARC, என்பது புத்தக விவரங்களை எண்ணிட்ட புலங்களாகக் கணினிப் பட்டியலில் எழுதும் முறை.)

பெரும்பாலும் இதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, பயம். பயிற்சிக்கு வந்தவர் கை வைத்து ஒரு பதிவு கெட்டுப்போனால் வாசகர் தேடும் புத்தகம் பட்டியலில் அகப்படாது. அதனால்தான் லாகின் தர யோசிப்பார்கள். தாளில் எழுதிக் காட்டினால் அந்தத் தயக்கம் குறையும். உதாரணமாக, 245 என்பது தலைப்புக்கான புலம்; அகரவரிசைப்படுத்தும்போது தலைப்பின் தொடக்கத்தில் எத்தனை எழுத்துகளை விட வேண்டும் என்பதை அதன் இரண்டாம் சுட்டி சொல்லும். ஆங்கிலத் தலைப்பு 'தி' (The) என்று தொடங்கினால் அதில் 4 வர வேண்டும்: மூன்று எழுத்து, ஒரு இடைவெளி. இதைத் தவறாமல் போட்டாலே நம்பிக்கை வரும்.

அப்புறம், கையெழுத்தான களப்பணி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பட்டியலாக்கத்துக்கு இத்தனை மணி நேரம் என்று இருக்கிறதா? இருந்தால் அந்த வரியைக் காட்டியே பேசலாம். இல்லையென்றால் துறை வழிகாட்டியிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்; அது புகார் ஆகாது.

அடுக்கியதும் வீண் இல்லை. புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கப் பயன்படும் டியூவி எண்களில் 530.12 என்பது 530.2-க்கு முன்னால் வரும் என்பது கைக்குப் பழகுவது அலமாரியில்தான்.

ஆனால் ஒரு வாரத்தில் எதுவும் மாறாவிட்டால் காத்திருக்காதீர்கள், வழிகாட்டிக்கு எழுதிவிடுங்கள். அதுவரை நாட்குறிப்பில் அடுக்கிய நேரத்தை அடுக்கியது என்றே எழுதுங்கள்.