குங்குமப்பூ என்ற பெயரில் குசும்பப்பூ

கேள்வி: மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு பொட்டலம் குங்குமப்பூ வாங்கினேன். வெந்நீரில் போட்டதும் நிறம் இறங்கிவிட்டது, ஆனால் மணமே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பது குசும்பப்பூ. சாஃப்ளவர் என்பதும் இதுதான். சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த முள்செடி. இதன் இதழ்களைக் காயவைத்துக் குங்குமப்பூ என்று விற்பது ரொம்பப் பழைய மோசடி.

நீரில் ஊறியதில் ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் விரித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். மெல்லிய குழாய், அதன் நுனியில் ஐந்து பிளவுகள் தெரிந்தால் அது குசும்பப்பூ. அசல் குங்குமப்பூ, பூவின் நடுவில் இருக்கும் சூலகமுடி. ஒரு பூவுக்கு மூன்றே இழைதான், அதையும் கையால்தான் பறிக்க வேண்டும். அப்புறம் எப்படி மலிவாகக் கிடைக்கும்? அந்த இழை நுனியில் ஊதுகுழல் போல விரிந்திருக்கும். நீரில் மெதுவாக மஞ்சள் இறங்கும், இழை சீக்கிரம் வெளுக்காது.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சாயம் ஏற்றிய சரக்கும் உண்டு. பொட்டலத்தில் குங்குமப்பூ என்று அச்சிட்டிருந்தால் ரசீதோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். குசும்பப்பூ மட்டமான பொருள் இல்லை. துணிக்குச் சாயமேற்றப் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட பூ அது. தன் பெயரில் விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

கேள்வி: சாஃப்ளவர் எண்ணெய் பொரிக்க ஆகுமா?

பதில்: எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஒலிக் அமிலம் மிகுந்தது ஒன்று, லினோலிக் அமிலம் மிகுந்தது இன்னொன்று. சுத்திகரித்த ஒலிக் வகை அதிகச் சூட்டைத் தாங்கும். லினோலிக் வகையைச் சமைக்காத சாலட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் முன்பக்கம் எதுவும் சொல்லாவிட்டால் பின்பக்க ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள். மோனோ அன்சாச்சுரேட்டட் கொழுப்பு பாலி அன்சாச்சுரேட்டட்டை விட மிக அதிகமாக இருந்தால், அது ஒலிக் வகை. லினோலிக் எண்ணெய் காற்றுப்பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், சின்ன பாட்டிலாக வாங்குங்கள். ஓவியர்கள் வண்ணம் குழைக்க இதைப் பயன்படுத்துவதும், காற்றில் உலர்ந்து இறுகும் இந்தக் குணத்தால்தான். 'எடை குறையும்' என்ற விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 9 கலோரிதான்.

கேள்வி: கர்ப்பிணிகள் குசும்பப்பூ தேநீர் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பூ கருப்பையைத் தூண்டக்கூடும், சீன மருத்துவத்திலும் கர்ப்பிணிகளுக்கு இதை விலக்குகிறார்கள். குங்குமப்பூ என்று நம்பி இதைக் குடித்திருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சாமந்தி வகைப் பூக்களால் ஒவ்வாமை வருகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.